குடத்துக்குள் போகாத பெயர்கள்

சென்ற இதழில் உத்திரமேரூரைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். கடிதங்கள் வந்து மேசையை நிரப்பிவிட்டன. அதனால் இந்த முறை சினிமா, அரசியல், சமையல் எதுவும் கிடையாது. ஊர், சபை, ஏரி, கணக்கு, இவ்வளவுதான்.

எங்களுடையது நூறு வீடுள்ள சிற்றூர். அதற்கெல்லாம் வரலாறு என்று ஒன்று இருக்குமா?
(மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

ஊரில் ஏரி இருக்கிறதா ஐயா? இருந்தால் கரை போட்டவர் இருந்திருப்பார், மதகு திறந்தவர் இருந்திருப்பார், தண்ணீருக்குச் சண்டை போட்டவரும் அதைத் தீர்த்து வைத்தவரும் இருந்திருப்பார்கள். நூறு வீட்டுக்கு இது தாராளம்.

குடவோலை பற்றிப் பள்ளியில் மூன்று வரி படித்ததோடு சரி. உண்மையில் அது எப்படித்தான் நடந்தது?
(கல்லூரி மாணவி, செய்யாறு)

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டு வெட்டியது, மற்றது 921. இடையில் இரண்டே வருஷம். முதல் முறை போட்ட விதியில் ஓட்டை தெரிந்திருக்கிறது. கூடி உட்கார்ந்து அடைத்திருக்கிறார்கள். முதல் கல்வெட்டில் உறுப்பினரின் வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள்.

ஊர் முப்பது குடும்பு. குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலை நறுக்கில் எழுதிக் கட்டாகக் கட்டுவார்கள். எந்தக் குடும்பு என்று சொல்லும் வாயோலை ஒன்று மேலே இருக்கும். முப்பது கட்டும் குடத்துக்குள் போகும். அன்றைக்குச் சின்னவர் பெரியவர் எல்லோரும் சபையில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் வந்து உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோர் கண்ணிலும் படும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார்.

உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவன் கையை விட்டு ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைப்பார்கள். அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். அதை மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் என்றும் கல்லில் எழுதியிருக்கிறது: ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலை மடக்கினால் வேறோர் ஓலை உள்ளே ஒளிந்திருக்கலாம் அல்லவா? வாங்கிய ஓலையை அவர் வாசிப்பார். பிறகு உள்மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிப்பார்கள். அதற்கப்புறம்தான் பெயரைப் பதிவு செய்வார்கள்.

முப்பது பேர் கிடைத்ததும், முன்பு தோட்டத்தையும் ஏரியையும் கவனித்துப் பழகிய மூத்தவர்களும் கற்றவர்களுமாகப் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டுக் குழு. இன்னொரு பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். மிச்சம் ஆறு பேர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாக ஓலை எடுத்தார்கள். பதவி 360 நாள். நடுவில் குற்றம் தெரிந்தால் அப்போதே இறங்க வேண்டும்.

அந்தச் சுவர் முன்னால் நான் ஒரு மாலை நேரம் நின்றிருக்கிறேன். மேற்கு வெயில் சாய்ந்து விழும்போதுதான் எழுத்து எழும்பித் தெரியும். தமிழுக்கு நடுவே கிரந்தம் கலந்திருக்கும், மெய்யெழுத்துக்குப் புள்ளி அநேகமாக இருக்காது. ஒரு சொல் பிடிபட்டால் அடுத்த சொல் தானே வாய்க்கு வரும். "குடம்" என்ற சொல்லை நானே கூட்டிப் படித்த நிமிஷத்தை இன்னும் மறக்கவில்லை.

யார் யார் பெயரைக் குடத்தில் போடக்கூடாது?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வந்தவாசி)

தகுதியின் பட்டியல் சின்னது: கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை.

விலக்கின் பட்டியல் பெரியது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைப் போடக்கூடாது. அத்தோடு விடவில்லை. அவனுடைய சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், தகப்பனோடு பிறந்தவன், மாமனார், மைத்துனன், உடன்பிறந்தாள் புருஷன், மருமகன், அப்பன், மகன் என்று உறவு முறை முழுவதையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தள்ளியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் அடுத்த தடவை மைத்துனனை உட்கார வைத்துவிட்டுத் திண்ணையிலிருந்து ஆட்டி வைப்பான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். குடும்பத்துக்குள் குடும்பம் எப்படிப் புகுந்து கொள்ளும் என்பதைத் தெரிந்தவன் எழுதிய சட்டம் அது.

கணக்கு எழுதுபவருக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைப் பெரிய வாரியத்தில் தானே காட்டி, சுத்தம் என்று சொல்லப்பட்ட பிறகுதான் வேறு கணக்கில் புகலாம். அதுவரை அந்த வேலைக்கு இன்னொருவரையும் நுழைய விடமாட்டார்கள்.

அப்படியானால் சோழர் காலத்திலேயே நமக்கு முழு மக்களாட்சி வந்துவிட்டது, சரிதானே?
(வங்கி ஊழியர், தாம்பரம்)

இல்லை. உத்திரமேரூர் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். அந்தச் சபையில் நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கு மட்டும் இடம். பெண்களுக்கு இல்லை; உழுதவருக்கு இல்லை; ஏரியில் கூடை தூக்கியவருக்கு இல்லை. பிற ஊர்களில் நிலமுள்ள வேளாளர் கூடியது 'ஊர்', வணிகர் கூடியது 'நகரம்'. அங்கேயும் கூலிக்காரர் பெயர் ஓலையில் ஏறவில்லை. பெருமைப்படுவோம், ஆனால் இதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

எல்லோருக்கும் நாற்காலி என்பது நம் காலத்துக் கதை. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனைப் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஒரு தலித் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதுதான் அவர்மேல் இருந்த கோபம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலைவர் தேர்தலை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டம் 2016-இல் வந்தது. பத்தாம் நூற்றாண்டுக் குடத்துக்கு வெளியே நின்றவர்கள் இவர்கள்தான். இவர்கள் உள்ளே வந்ததும் ஊர் வரலாறுதான், அதையும் கல்லில் வெட்டலாம்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் எதைச் சொன்னாலும் "கூடாது" என்று ஒருவர் எழுந்துவிடுகிறார். என்ன செய்யலாம்?
(நாங்குநேரியிலிருந்து)

உங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே பதில் இருக்கிறது. மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 800-ஆம் ஆண்டு. எந்தத் தீர்மானத்துக்கும் கூடாது கூடாது என்று சபையை முடக்குகிறவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம். உங்கள் ஊர்க்காரர் ஒரு தடவையாவது காரணம் சொல்லி மறுத்தால் தண்டம் வேண்டாம், காது கொடுங்கள்.

ஏரி வாரியத்துக்கு என்ன வேலை? ஏரி தானாகத்தானே நிரம்புகிறது!
(பொறியாளர், சென்னை)

நிரம்புவது மழையின் வேலை. நிரம்பியதை நிறுத்தி வைப்பதும் பங்கு போடுவதும் ஊரின் வேலை.

மழைத் தண்ணீர் ஒவ்வொரு வருஷமும் வண்டலைக் கொண்டு வந்து உள்ளே போடும். எடுக்காவிட்டால் ஏரி மேடாகும், கொள்ளளவு குறையும், கோடையில் கடைமடை காயும். உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்கு அன்றைய பெயர் வயிரமேக தடாகம். பல்லவன் தந்திவர்மனின் பட்டப் பெயர் அது. அந்த ஏரியில் வருஷந்தோறும் மண் வெட்டுவதற்கென்று பொன் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சபை அதை வாங்கி முதலாக வைத்து, வட்டியில் வேலை நடத்தியது. வேறு பல ஊர்களில் இதற்காக நிலத்தையே எழுதி வைத்தார்கள். அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர்.

தூர் வாருவது ஒன்று. கரையில் எலி வளை, நண்டு வளை பார்த்து அடைப்பது இன்னொன்று. கலங்கல் சரியாக இருக்கிறதா, மதகில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு நீர்க்கட்டி. அவர் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று மடை திறந்து மூடுபவர்; சொந்தமாக நிலம் இல்லாதவரை அந்த வேலைக்கு வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தன் வயல் இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் சாயும் என்பதுதான் காரணம். வெள்ள ராத்திரியில் கரைமேல் நடந்தவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கல்வெட்டில் பெயரில்லாத அவர்கள் காலில்தான் கரை நின்றது.

கூலி எப்படி? களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கும் குடிக்கும் பிரிப்பதற்கு முன்னாலேயே மேரை அளந்து எடுத்துவிடுவார்கள். கணக்குப்பிள்ளைக்கு, வெட்டியானுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, கோயிலுக்கு, ஏரிக்கு என்று பங்கு உண்டு. ஆமாம், ஏரியும் ஒரு பங்காளி! 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கும்பெனி அதிகாரி செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 ஊர்களை அளந்தபோது இந்தப் பங்குகளெல்லாம் ஊர் ஊராகக் கணக்கில் ஏறின. கும்பெனி நிலவரியைக் கறாராக இழுத்துக்கொண்ட பிறகு ஏரியின் பங்கு தேய்ந்தது. பங்கைப் பிடுங்கிவிட்டு, 1858-இல் குடிமராமத்துக்கு, அதாவது ஏரி, கால்வாயை ஊரார் கூடிச் செப்பனிடும் வேலைக்கு, வரவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்திருந்தால் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

அந்தக் காலத்துக் கிராமத்தில் ஆஸ்பத்திரி உண்டா?
(செவிலியர், வாலாஜாபாத்)

உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம் அம்மா. பாலாறு, செய்யாறு, வேகவதி கூடுகிற திருமுக்கூடல், பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. கோயிலோடு வேத பாடசாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் ஆதுலர்சாலை. படுக்கை பதினைந்து. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நாவிதர் ஒருவர். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். ஒவ்வொருவருக்கும் என்ன சம்பளம், எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. உங்கள் தொழிலுக்கு அந்தச் சுவரில் ஏறக்குறைய 950 வயது.

உத்திரமேரூரில் இப்போது கிராம சபை எப்படி நடக்கிறது?
(மாணவர், திண்டிவனம்)

அங்கே கிராம சபை இல்லை தம்பி. அது பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிகளுக்கு உரியது. உங்கள் ஊர் ஊராட்சியானால் உங்களுக்கு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். வாக்காளர் யாராக இருந்தாலும் எழுந்து கேட்கலாம். சாமியானாவின் ஓரத்தில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உட்காருங்கள், கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள், உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

கோயிலும் ஏரியும் தவிர வேறு பொது அமைப்பே கிராமத்தில் கிடையாதா?
(நூலகர், திருவாரூர்)

உங்கள் பக்கத்திலேயே மன்னார்குடி மேலவாசல் இருக்கிறதே! 1931-இல் அந்தக் கிராமத்துக் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகத் தந்தை ரங்கநாதன் வந்து தொடங்கி வைத்தார். நம் நாட்டின் பொது நூலகச் சட்டங்களுக்கு முன்னோடியான சென்னைச் சட்டம் வந்தது 1948-இல். வண்டி அதற்குப் பதினேழு வருஷம் முந்தியது.

என் ஊர் வரலாற்றை நானே எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
(அஞ்சல் ஊழியர், உளுந்தூர்பேட்டை)

கிழவிகளிடம். வயல்களின் பெயரைக் கேளுங்கள். வண்ணான் துறை, மந்தைவெளி, ஏரிப்பட்டி மானியம், தேர்முட்டி என்று வாயில் வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு பத்திரம். அடுத்தது பழைய கணக்குப்பிள்ளைகள் வீடு. பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. அது ஒழிந்தது நல்லது. ஆனால் அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஏடுகள் பல பழைய காகிதக் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சியதைப் படம் எடுத்து வையுங்கள். கல்வெட்டு இருந்தால் தொல்லியல் துறையின் மாவட்டத் தொகுதிகளில் தேடுங்கள். ஊரின் எல்லாத் தெருவிலும் உட்கார்ந்து கேளுங்கள், காலனியையும் சேர்த்து. ஒரு தெருவில் மட்டும் கேட்டு எழுதியது அந்தத் தெருவின் வரலாறு.

எங்கள் கோயிலில் அடுத்த மாதம் கும்பாபிஷேகம். சுவரில் ஏதோ பழைய எழுத்து இருக்கிறது. பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். நான் தனி ஆள், என்ன செய்ய முடியும்?
(அச்சிறுபாக்கம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

நிறைய செய்யலாம் அம்மா. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது, வரிசை விடாமல் செல்போனில் படம் எடுங்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்போ எனாமலோ ஏறக்கூடாது, சிமென்ட் பூசக்கூடாது, டைல்ஸ் ஒட்டக்கூடாது, மணல் வீச்சு கூடவே கூடாது என்று திருப்பணிக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். நகலைத் தொல்லியல் துறைக்கும் அறநிலையத் துறைக்கும் அனுப்புங்கள். படங்களில் ஒரு பிரதி எனக்கும் வரட்டும். வேலை அடுத்த மாதம்தான் என்று இருந்துவிடாதீர்கள். சாரம் கட்டுகிறவர்கள் வருவதற்குள் போய்ப் பாருங்கள், நாளைக் காலையிலேயே.