உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்

வாசகி, உடுமலை: எங்கள் தெரு டாக்டர் கைராசிக்காரர். ஒரே ஊசியில் காய்ச்சல் ஓடிவிடும். இதற்கு மேல் என்ன தரம் வேண்டும்?

கைராசி இருக்கட்டும், கை கழுவினாரா? வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் சில நாளில் தானாகவே இறங்கிவிடும். பேர் மட்டும் ஊசிக்குப் போகும். வியன்னாவில் 1847ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் நுழையும் முன் எல்லோரையும் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது.

வாசகர், சிதம்பரம்: ஊசி போட்டால்தான் எனக்குத் திருப்தி. தப்பா?

மாத்திரை விழுங்க முடிகிறவருக்கு ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால், போடுவதைக் கண் திறந்து பாருங்கள். உத்தரப் பிரதேசத்து உன்னாவில் ஒரு போலி டாக்டர் ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதால் எச்.ஐ.வி. பரவியதாக 2018ல் அதிகாரிகள் சொன்னார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம்.

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல். நாங்கள் போன கிளினிக்கில், ட்ரேயில் மருந்து ஏற்றி வைத்த நாலு சிரிஞ்சுகள் பஞ்சுக்குக் கீழே கிடந்தன. யாருக்கு எது என்று எதிலும் எழுதவில்லை. நர்ஸ் பெண் ஒன்றை எடுத்தார். “புதுசு பிரிச்சுப் போடுங்கம்மா” என்றேன். அவர் முகம் சுருங்கியது; அம்மா என் தொடையைக் கிள்ளினார். ஆனாலும் புது உறையை என் கண்ணெதிரே கிழித்தார். மருந்துக் குப்பியின் பெயரையும் தேதியையும் கேட்டபோது காட்டினார். அவர்மேல் கோபமில்லை, அத்தனை கூட்டத்தில் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில்தான் ஊசி மாறிப்போகும்.

போட்டு முடித்த ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டக்கூடாது. குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும்; 2016 மருத்துவக் கழிவு விதி அது.

வாசகி, தேனி: காகிதப் பொட்டலத்தில் மூன்று வண்ண மாத்திரை தருகிறார்கள். பேர் கேட்டால் கோபிப்பாரோ?

கோபித்தாலும் கேளுங்கள். ராத்திரி உடம்பெல்லாம் தடித்து நீங்கள் ஜி.எச்.சுக்கு ஓடினால், அங்கே முதலில் கேட்பது “என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” என்றுதான். “மஞ்சள் மாத்திரை” என்று பதில் சொன்னால் அந்த டாக்டர் என்ன செய்வார் பாவம்! மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016லேயே சொல்லிவிட்டது. சீட்டில் டாக்டரின் பதிவெண்ணும் இருக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டென்றால், அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

வாசகர், அரியலூர்: கிளினிக்கில் மட்டும் எனக்கு பி.பி. எகிறுகிறதே?

மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டியிருப்பீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பேச்சு வேண்டாம். பட்டையைச் சட்டைமேல் சுற்ற விடாதீர்கள்.

வாசகர், ஓசூர்: புகார் சொல்ல இடமுண்டா?

உண்டு. கிளினிக்குகள் பதிவு பெற வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 1997 சட்டம். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். சீட்டு, பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வாசகி, காரைக்குடி: நல்ல டாக்டருக்கு ஒரே ஒரு அடையாளம் சொல்லுங்களேன்!

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரை “வாயுதான்” என்று ஊசி போட்டு அனுப்பாமல் ஈ.சி.ஜி. எடுப்பார். சந்தேகம் வந்தால் “இது இங்க பாக்கிற கேஸ் இல்ல” என்று அந்த நிமிடமே சொல்வார். 108ஐ வரவழைத்து, என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று எழுதிய சீட்டை உங்கள் கையில் திணித்து அனுப்புவார். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.