நடுங்கும் பாருக்கு நாலாயிரம் வைத்தியம்

மலையேறப் பிறந்த ஒற்றை சிலிண்டர் பைக்கை வாங்கி, அதில் ஈ.சி.ஆர். டீக்கடை வரை மட்டும் போய்வரும் அன்பர்களுக்கு ஒரே குறை: ஹேண்டில்பார் அதிர்ந்து விரல் மரத்துப்போகிறதாம். அதிராமல்? 6000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அந்த அதிர்வை அடக்க வைத்த பேலன்சர் ஷாஃப்ட் தன்னால் ஆனதைத் தின்கிறது. மிச்சம் உங்கள் உள்ளங்கைக்கு.

உடனே கடைக்கு ஓட்டம். ஜெல் கிரிப், ஜெல் கையுறை, பாரின் முனையில் பித்தளைக் குண்டு. குண்டு மாட்டினால் பாரின் இயல்பு அதிர்வெண் இறங்கும். அதாவது, 80 கிலோமீட்டரில் வந்த நடுக்கம் வேறொரு வேகத்தில் வந்து வணக்கம் சொல்லும். அந்த வேகத்தில் நீங்கள் போகாதவரை வெற்றிதான்.

பல்லுப் பல்லாக இருக்கும் மண்பாதை டயரும் தார்ச்சாலையில் தன் பங்குக்குக் குலுக்குகிறது. போதாக்குறைக்கு, கடன்காரன் சட்டையைப் பிடித்த மாதிரி கிரிப்பை இறுக்கிப் பிடிக்கிறார்கள். இறுக இறுக அதிர்வு கைக்குள் ஏறுகிறது.

என்ஜினை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் யாருக்கும் மனசு வராது. இறுக்கிய போல்ட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட முடியாதே! ஐயா, அடுத்த குண்டு வாங்குமுன் டார்க் ரெஞ்சை எடுத்து, மேனுவலில் போட்ட அளவுக்கு அந்த போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.