அடுக்களைச் சுவடி ஆராய்ச்சி

கல்லிலும் செப்பேட்டிலும் பனையோலையிலும் முன்னோர் எழுதி வைத்தவற்றையெல்லாம் தேடியெடுத்து, பாடபேதம் பார்த்து, அரும்பதவுரையும் கண்ட நம் பண்டித சிரோமணிகள், தத்தம் கிருஹத்து அடுக்களை அலமாரியில் கடுகு டப்பாவுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் இடையே செருகப்பட்டு, எண்ணெய்ப் பிசுக்கினால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் சமையல் குறிப்பு நோட்டை மட்டும் ஏறெடுத்தும் பாராதது ஏன் என்பது விசாரிக்கத்தக்க விஷயமாகும். அதில் எழுதியிருப்பதைத்தான் அவர்கள் நாள்தோறும் உண்டு வந்தார்கள் என்பதை நோக்க, இந்த அலட்சியம் நன்றி கேட்டின் பாற்பட்டது என்றும் சொல்லலாம்.

முதற்கண் இச்சுவடியின் லக்ஷணத்தைக் காண்போம். பையன் பாதியில் விட்ட கணக்கு நோட்டோ, மளிகைக் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரியோதான் பெரும்பாலும் இதற்கு ஆதாரமாக அமைகிறது. தலைப்பில் பிள்ளையார் சுழியும் பின்னட்டையில் வாய்பாடும் இருக்கும். நடுவே பால் கணக்கும் சலவைக் கணக்கும் இடைச்செருகலாகப் புகுந்திருக்குமாதலின், ‘தலையணை உறை 4’ என்னும் வரியை அதிரசத்தின் சேர்மானங்களுள் ஒன்றாகக் கொண்டு மயங்குதல் கூடாது.

கால நிர்ணயத்துக்கு அளவைகளே துணை. வீசை, பலம் என்று வரும் ஏடுகள் முற்பட்டவை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து தசாம்ச அளவைகள் கடைத்தெருவுக்கு வந்தபின் எழுதப்பட்டவற்றிலேதான் கிராமும் லிட்டரும் தலைகாட்டும். ஆயினும் சர்க்கார் உத்தரவு அடுக்களை வாசற்படியைத் தாண்டுவதற்குச் சில காலம் பிடித்தது என்பதையும், கிராமில் வாங்கி ஆழாக்கில் அளந்தவர்கள் அநேகர் என்பதையும் ஆராய்ச்சியாளன் மறத்தலாகாது.

இனி, பிராமாணியம். எந்தக் குறிப்பு நம்பத்தக்கது என்பதற்கு நாம் கண்ட ஒரே அளவுகோல் கறையாகும். மஞ்சள் கறையும் நெய்க் கறையும் படிந்து எழுத்தே மங்கிப்போன ஏடு, பலகால் அடுப்பருகே விரித்து வைக்கப்பட்டது என்பதற்கு அதுவே சாக்ஷி. பத்திரிகையைப் பார்த்து அழகிய கையெழுத்தில் பிரதி செய்யப்பட்ட, முட்டை சேர்க்காத கேக்கின் ஏடோ, எழுதிய அன்றிருந்த வெண்மை மாறாமல் விளங்குகிறது. அந்தக் கேக்கை அந்த வீட்டில் எவரும் உண்டதில்லை என்று துணிந்து கூறலாம்.

இச்சுவடிகளைப் பற்றிய மஹா சர்ச்சை வேறொன்று. மைசூர்பாகைப் பற்றிய குறிப்பில், ‘பாகு பதம் வந்ததும் மாவைத் தூவிக் கிளறி, பதமாக இறக்கவும்’ என்று கண்டிருக்கிறது. அந்தப் பதம் இன்னது என்று யாண்டும் கூறப்படவில்லை. ஒருசாரார், தம் கைமணம் மருமகளுக்கோ அடுத்த வீட்டு மாமிக்கோ எளிதில் வாய்த்துவிடலாகாது என்னும் உள்நோக்கத்தோடு மாமியார்மார் வேண்டுமென்றே மறைத்த ரகசியம் இது என்பர். இக்கொள்கை குடும்ப வழக்குகளில் செல்வாக்குப் பெற்றதெனினும், நாம் இதனை அங்கீகரிப்பதற்கில்லை. எழுதியவள் தனக்காகவே எழுதினாள். கை அறிந்ததை எழுதவேண்டிய அவசியம் அவளுக்கு நேரவில்லை. நோட்டில் உள்ளவை சூத்திரங்களே. அவற்றின் பாஷ்யம் அடுப்படியில் நின்று வாய்மொழியாகக் கேட்கப்பட வேண்டியது. அந்தப் பாஷ்யத்தையும் அச்சேற்றத் துணிந்தவர் எஸ். மீனாக்ஷி அம்மாள்; அவருடைய ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. அதன் பின்னரும் நோட்டுகள் மறையாததன் காரணம் வெளிப்படை. அச்சுப் புத்தகம் ரசப்பொடியைச் சொல்லும். நோட்டு ‘பெரிய அத்தை ரசப்பொடி’யைச் சொல்லும். பெரிய அத்தை காலமான பிறகு அவள் பெயர் நாள் தவறாமல் உச்சரிக்கப்படும் இடம் அந்த ஏடு ஒன்றேயாகவும் இருக்கக் கூடும். (சொத்துப் பத்திரத்தில் அவள் பெயர் இராது.)

பதத்தை மன்னிக்கலாம், அளவை மன்னிப்பதற்கில்லை. 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் சாஸனங்கள், தெய்வத் திருமேனிகளின் அமுதுபடிக்கு அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, மிளகு இவ்வளவு என்று நாழியும் ஆழாக்குமாகக் கணக்குக் கூறுவதோடு அமையாது, நெல்லை அளக்கும் மரக்கால் ‘ஆடவல்லான்’ என்பதையும் சொல்லிவிடுகின்றன. நம் நோட்டிலோ ‘பச்சரிசி ஒரு படி’ என்றிருக்கிறது. படிக்கு எட்டு ஆழாக்கு என்பது வாய்பாடேயானாலும், ஊருக்கு ஊர் படி வேறு. எழுதியவள் கல்யாணமாகி எந்த ஊர்ப் படியைத் தன்னோடு கொண்டு வந்தாள் என்பதை இன்று யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே, இனி நோட்டு எழுதப் புகும் தாய்மார்களுக்கு எம் விண்ணப்பம் ஒன்றே. பதத்தை உங்கள் மனத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உப்பையும் ‘தேவையான அளவு’ என்றே விட்டுவிடுங்கள். ‘ஒரு டம்ளர்’ என்று எழுதும்போது மட்டும், அது எந்த டம்ளர் என்பதைத் தயவுசெய்து பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.