முழுமுகவரி மீமாம்சை

ஒரு பொருளின் இருப்பிடத்தைச் சொல்லுங்கால் ஆதியிலிருந்து தொடங்குவதா, அண்டையிலிருந்து தொடங்குவதா என்னும் விசாரம், திருப்பூரில் பனியன் பண்டலை முன்னிட்டும் கணினியில் மென்பொருளை ஸ்தாபிப்பதை முன்னிட்டும் ஒரே விதமாய் எழுந்திருக்க, பண்டிதர்கள் இதுகாறும் அதைக் கவனியாது விட்டது விசனத்துக்குரியது.

பூர்வபட்சம் வருமாறு: சாய்கோட்டில் தொடங்கும் பாதை வேரிலிருந்து கணக்கிட்ட முழுமுகவரியாதலால் ஐயத்துக்கு இடமில்லை. மென்பொருளை ஸ்தாபிக்க உதவும் சிமேக் என்னும் கருவியோ, யூனிக்ஸ் கணினிகளில் வேறு உத்தரவு இல்லாதபோது ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ என்பதை முன்னொட்டாகக் கொண்டு, இடம் வெறும் ‘பின்’ என்றால் கோப்பை அதன்கீழ் வைக்கும். முன்னொட்டை மாற்றினால் அனைத்தும் கூடவே குடிபெயரும். முழுமுகவரி கொடுத்துவிட்டால் முன்னொட்டை அது ஏறெடுத்தும் பாராது.

இதன் தாத்பரியம் எனக்கு விளங்கியது காதர்பேட்டையில். அங்கிருந்த ஒரு பனியன் கம்பெனி, வியாபாரம் விருத்தியாகி 15 வேலம்பாளையத்துக்கு இடம் மாறிற்று (எண்ணையே பெயரில் தாங்கிய அவ்வூரின் மகாத்மியம் தனி ஆராய்ச்சிக்குரியது). ‘கட்டிங் செக்‌ஷன், சன்னலோர ரேக்’ என்று சீட்டுக் கட்டிய பண்டல்கள் கம்பெனியோடு போய்ப் புதுச் சன்னலோரம் அமர்ந்தன. கதவெண், தெரு, மாடி என்று சகலமும் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதப்பட்ட ஒரேயொரு பண்டல் மட்டும், பிரிண்டிங் முடிந்து டெம்போவில் திரும்பி, பூட்டிக் கிடந்த பழைய கட்டடத்தின் ஷட்டர் முன்னால் இறங்கியது. அதற்குள் இருந்தவை முன்பாகங்கள். அவை வாராமையால் முதுகுகளும் கைகளும் ஓவர்லாக் மெஷினருகே இரண்டு நாள் காத்துக் கிடந்தன. டெம்போக்காரர் மேல் குற்றமில்லை. எழுதியிருந்ததை அவர் படித்தார், அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனிக்குப் பண்டல் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்த அடியேனும் ஒரு கோப்புக்கு முழுமுகவரியே எழுதிவைத்திருந்தேன் என்பதைச் சபையில் மறைப்பானேன்?

‘டெஸ்ட்டிர்’ என்னும் தற்காலிகக் கிடங்கின் பெயரைக் கொடுத்தால் முழுமுகவரிக்கு முன்னாலும் அது ஒட்டிக்கொள்ளுமே என்று எதிர்க்கட்சியார் ஆட்சேபிப்பர். மெய்தான், ஆயினும் விண்டோஸில் ‘சி:’ என்னும் எழுத்து வாசலில் நந்திபோல் நிற்பதால் அந்த உபாயம் அங்கே செல்லாது.

முழுமுகவரியைக் கண்டால் எச்சரிக்க ஓர் அமைப்பும், கோப்பை வைக்குமுன்னரே பிழையென்று நிறுத்த மற்றோர் அமைப்பும் சிமேக்கிலேயே உண்டு. நாமாகப் போடாதவரை இரண்டும் உறங்கும். வாசகர்கள் தயவுசெய்து இரண்டாவதைப் போட்டுக்கொள்ளவும்.