மலைநாட்டு மாப்பிள்ளை

எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது. கல்முனையில் மட்டுமல்ல, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருவான். ஆகவே வளவில் எந்த மரம் நிற்கலாம், எது விறகாகலாம் என்பதெல்லாம் என் மாமியின் அதிகாரம். காய்க்காத முருங்கைக்கு அவர் கொடுக்கும் தவணை ஒரு மாரி. அப்படிப்பட்டவருடைய வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில், பல வருடமாக ஒரு பிஞ்சுகூட விடாமல் நிற்கிறது ஒரு லோக்கட் மரம்.

கொண்டுவந்தது என் மச்சினி. முதல் நியமனம் பண்டாரவளைப் பக்கம் ஒரு பாடசாலையில். லீவுக்கு வரும்போது ஒரு பை நிறைய மஞ்சள் பழம். எல்ல, வெல்லவாய, மொனராகலை என்று பஸ் மாறி வந்து சேர்வதற்குள் பாதி கறுத்துவிட்டது. கைபட்டாலே கன்றிப்போகிற தோல் அதற்கு. மிச்சம் இருந்ததைத் தின்றோம். இனிப்பும் புளிப்புமாக நல்ல ருசி. ஆனால் பழத்தில் பாதி கொட்டை. மண்ணிறத்தில், மினுக்கி வைத்த மாதிரி மூன்று நான்கு கொட்டைகள். மாமி கொட்டையைக் கண்டால் எறிகிற ஆள் இல்லை. அன்று பின்னேரமே சிரட்டையில் மண் நிரப்பி ஊன்றிவிட்டார்.

இந்த விசயத்தில் மாமிக்கு ஒரு முன்னோடி உண்டு. 19ஆம் நூற்றாண்டில், நாகசாகியில் வீட்டு வேலை செய்த மியூரா ஷியோ என்ற பெண், சீனத்திலிருந்து வந்த லோக்கட் பழத்தின் கொட்டையைக் கொண்டுபோய் மோகி என்ற ஊரில் நட்டாள். அதிலிருந்துதான் ஜப்பானின் பேர்போன மோகி லோக்கட் பிறந்தது. அங்கே இன்றைக்கும் மரத்திலேயே காய்க்குக் கடதாசி உறை போட்டு வளர்க்கிறார்கள். மச்சினி இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து, கல்முனையும் அப்படி ஒரு பேர் எடுக்கப்போகிறது என்றே வீட்டில் பேச்சு.

மரம் வளராமல் இல்லை. மீன் கழுவிய தண்ணி, ஆட்டுப்புழுக்கை, மாட்டெரு எல்லாம் கேட்காமலே கிடைத்தன. எங்கள் கடற்கரை மணலில், கச்சான் காற்று மற்ற இலைகளை அப்பளமாகப் பொரிக்கிற மாதங்களிலும் அது நிமிர்ந்து நின்றது. இலை ஒரு சாண் நீளம், ஓரமெல்லாம் பல், மேலே வரிவரியாகக் கரும்பச்சை, கீழே தடவினால் கையில் ஒட்டுகிற செம்பழுப்பு மயிர். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு கேள்விதான் கேட்பார்கள்: “எப்ப காய்க்கும்?”

சவூதியில் வேலை செய்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக் காக்கா, “இது லெபனான்காரன் தின்னுற அக்கிதின்யா எல்லுவா! காத்தான்குடி ரோட்டுல ஈச்சை காய்க்குது, இது ஏன் காய்க்காது?” என்று வழக்காடினார். ஈச்சைக்கு வேண்டியது வெயில். அது எங்களிடம் ஏற்றுமதி செய்கிற அளவுக்கு இருக்கிறது. லோக்கட் கேட்பது குளிர். விவசாயம் படித்த ஒருவர் மரத்தைச் சுற்றிவந்து சொன்னார்: நம்முடையது போன்ற வெப்ப நாடுகளில் அது ஒழுங்காகக் காய்க்க ஏறக்குறைய 900 மீற்றர் உயரமாவது வேண்டும். கல்முனையில் உயரமான இடம் பள்ளிவாசல் மினாரா. அதன் உச்சியில் நட்டாலும் இன்னும் 800 மீற்றருக்கு மேல் தேவை.

மருமகப் பொடியன் ஒருவன் சும்மா இருக்கவில்லை. மீன் வாடியிலிருந்து ஐஸ் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றிக் கொட்டினான். மரம் ஏமாறவில்லை, நுளம்புதான் பெருகியது. மாமி கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சை வைத்தார். அந்த மாரியில் கொப்பு நுனிகளில் வெளிர்ப் பஞ்சு போர்த்த கூர்மொட்டுகள் கிளம்பின. பூ என்று வீடே கூடியது. ராத்தாமார் வந்து பார்த்தார்கள், காக்கா படம் பிடித்து ரியாதுக்கு அனுப்பினார். ஒரு கிழமையில் விரிந்தது. பூ இல்லை, புதுக் கொழுந்து. இலைக்கும் பூவுக்கும் ஒரே பஞ்சுச் சட்டை போட்டு அனுப்புகிறது அந்த மரம்!

வெட்டலாமா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“காய்க்கிற மரமெண்டா இந்நேரம் காய்ச்சிரிக்கும். காய்க்காட்டி என்ன, நிக்கட்டும் மருமகன். வீட்டுக்கு வந்த எல்லாரையும் நான் வெட்டிட்டா இரிக்கன்?”

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, நிழல் நல்ல நிழல். வருடம் முழுக்கப் பச்சை. மாமி அதன் கீழ் கதிரை போட்டு மீன் வெட்டுகிறார். சீனாவில் இதன் இலையை இருமலுக்குப் பாணியாகக் காய்ச்சுகிறார்களாம். எங்கள் வீட்டில் இன்னும் யாரும் துணியவில்லை. கொட்டையைச் சிறுபிள்ளைகள் கடித்து மெல்ல விடாதீர்கள், அதில் சயனைட்டாக மாறக்கூடிய பொருள் கொஞ்சம் இருக்கிறது.

பண்டாரவளைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழத்தை அங்கேயே வயிறு நிறையத் தின்னுங்கள், கொட்டையை அங்கேயே துப்புங்கள். வளவில் இடம் மிச்சமிருந்தால் கொய்யா நடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும்.