ஆர்மோனியத்துப் பரணி

பரணி என்னும் சிற்றிலக்கியம் தோற்றவர் பெயரால் வழங்கும். வென்றது சோழன் படை. நூலின் பெயர் என்னவோ 'கலிங்கத்துப்பரணி'. அந்த மரபை ஒட்டியே இவ்வாய்வுக்குத் தலைப்பு வைத்தோம். தோற்றது ஆர்மோனியமா, ஆய்வாளரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ("வேறுபாடெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்பது இல்லத்தரசியின் துணிபு.)

ஆய்வுக்களம், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டுப் பரண். போகிக்கு முந்தின நாள் எதிர்வீட்டு ஏணியை இரவல் வாங்கி அகழாய்வு தொடங்கப்பெற்றது. மேலடுக்கில் 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தைச் சேர்ந்த ரொட்டி அச்சுகள் இரண்டு. அதற்குக் கீழே ஒரு வாட்டர்கலர் பெட்டி; பன்னிரண்டு வில்லைகளில் நீலம் மட்டும் தேய்ந்திருந்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து காவிரியைத் தீட்ட முயன்றதற்கான சான்று இது. காவிரி பெரும்பாலும் பழுப்பு நிறம் என்பது ஆய்வாளருக்குப் பிற்பாடே புலப்பட்டது. அதனினும் கீழே ஒரு இந்திப் புத்தகம். தென்னூரில் இந்திப் பிரச்சார சபா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், பென்சில் அடிக்கோடுகள் பதினான்காம் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய வேட்டி போர்த்தி, ஆர்மோனியம்.

நான்கு அடுக்குகளிலும் தவறாமல் கிடைத்த ஒரே பொருள் கால அட்டவணை. "காலை 5.30 முதல் 6 வரை சாதகம்" என்பது அவற்றுள் மூத்தது, பச்சை மையில், அடியில் இரட்டைக் கோடு போட்டது. எந்தப் பொருளும் அட்டவணை எழுதிய நாளிலிருந்து ஒரு மண்டலம் தாண்டி உழைத்ததற்குத் தடயம் இல்லை. இதனை 'மண்டல விதி' என இவ்வாய்வு பெயரிடுகிறது. அட்டவணையின் எழுத்து எவ்வளவு அழகோ, அவ்வளவு சீக்கிரம் பொருள் பரணேறுகிறது என்பது இதன் துணைவிதி.

தொல்லியலில் கிடைக்காத பொருளும் சான்றுதான். கோலப்பொடி டப்பா பரணில் கிடைக்கவில்லை. அது ஒருநாளும் பரணைப் பார்த்ததில்லை. அதன் உடைமையாளர் சில நாள் இரண்டு இழை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். சில நாள் திடீரென்று ராத்திரி பத்து மணிக்கு டார்ச் லைட்டைப் பிடிக்கச் சொல்லி, எதிர்வீட்டு வாசல்வரை புள்ளி வைப்பார். காரணம் கேட்டதற்கு, "தோணித்து, போட்டேன். அசையாம பிடியுங்கோ" என்றார். இத்துறையில் இதுவரை கிடைத்துள்ள கோட்பாட்டு விளக்கங்களுள் இதுவே சுருக்கமானது.

இனி ஊரின் வரலாற்றுச் சான்றுகள். ஸ்ரீரங்கத்தில் 'ரங்கராஜா' என்று கூப்பிட்டால் நான்கு ஜன்னல் திறக்கும். அவற்றுள் இரண்டு இவ்வாய்வுக்கு உரியவை. முதல் ரங்கராஜன் 1931இல் பிறந்தவர், ஓவியராகத் துடித்தார். விகடனில் படம் போட்ட மாலியைப் போல வரவேண்டும் என்ற ஆசையில், மாலிக்கு எதுகையாக வாலி ஆனார். சென்னையில் ஓவியப் பள்ளியிலும் ஓராண்டு படித்தார். பெயர் வைத்தது தூரிகைக்கு. அதைச் சுமந்ததோ பேனா. 1958இல் 'அழகர்மலைக் கள்வ'னில் ஆரம்பித்து 2013இல் மறையும்வரை பாட்டெழுதினார். வண்ணப்பெட்டியை ஏன் பாதியில் விட்டாய் என்று தமிழ்நாட்டில் யாரும் அவரைக் கண்டிக்கவில்லை.

இரண்டாம் ரங்கராஜன் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, ஜோசப் கல்லூரியில் படித்தவர். 1953இல் திருச்சி 'சிவாஜி' பத்திரிகையில் ஒரு கதை வந்தது. குமுதத்தில் கதை வந்தது 1962இல். இடையில் படிப்பு, அரசு வேலை. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் மனைவியின் பெயரைப் போட்டுக்கொண்டார்: சுஜாதா. அந்த ஒன்பது வருஷமும் 'தினம் ஒரு பக்கம்' என்று அவர் சுவரில் எழுதி ஒட்டியதாக எங்கும் படித்த நினைவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். காவிரிக்கு இந்தண்டை திருவானைக்காவில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், 1907 முதல் பத்தாண்டுகள் அரசுக் கணக்கு அதிகாரி. கல்கத்தாவில் ஆபீசுக்கு முன்னும் பின்னும் நாள் தவறாமல் பௌபஜார் தெருச் சோதனைக்கூடத்துக்குப் போனாரே, அது அட்டவணை இல்லையா? நல்ல கேள்வி. ஆனால் அவரைச் சோதனைக்கூடத்துக்குப் போகச் சொன்னவர் யாருமில்லை. போகாமலிருக்கச் சொல்லியிருந்தால்தான் சிரமம். வீணையும் மிருதங்கமும் எப்படி ஒலிக்கின்றன என்று அவர் குடைந்ததும் அப்படித்தான். நமது ஆர்மோனியம் எப்படி ஒலிக்கும் என்பது அண்டை வீட்டாருக்கு மட்டுமே தெரியும். அவர்கள் அதை வெளியிட விரும்பவில்லை.

நீரியல் கோணத்தில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அரசாணை, பூ, மஞ்சள், அமைச்சர் எல்லாம் தயாராக இருந்தாலும் நீர்மட்டம் வேண்டுமே. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. தேதி குறிப்பது நம் கையில், தண்ணீர் குடகில். வெள்ளம் வந்துவிட்டாலோ வேறு கதை. 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார்; மிகுந்த நீர் கொள்ளிடத்தில் போய்விடும். வாலிக்கு நேர்ந்தது இதுதான்: ஓவியத்துக்கென்று வந்த வெள்ளம் கொள்ளிடம் பக்கம் திரும்பிப் பாட்டாகிவிட்டது.

பாதியில் நிற்பது அவமானம் என்போர் ரங்கநாதர் கோயில் தெற்கு வாசலுக்கு வரவேண்டும். ராஜகோபுரம் விஜயநகர காலத்தில் தொடங்கி, நிலையோடு நின்று, நூற்றாண்டுக் கணக்காக மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அடியில் பஸ் போயிற்று, மாடு படுத்தது, சிறுவனாக ஆய்வாளரும் நிழலுக்கு ஒதுங்கினார். 1979இல் அகோபில மடம் 44ஆம் ஜீயர் எடுத்துக் கட்டத் தொடங்கினார், எட்டே வருஷம். 1987 மார்ச் 25இல் கும்பாபிஷேகம். 13 நிலை, 236 அடி. காத்திருந்ததற்காக ரங்கநாதர் படுக்கையிலிருந்து எழுந்து ஒருவரையும் அதட்டியதாக ஐதிகம் இல்லை.

அகழ்ந்தெடுத்த பொருள்கள் படமெடுக்கப்பட்டு, தூசி தட்டப்பட்டு, கண்டெடுத்த வரிசையிலேயே மறுபடி பரணில் வைக்கப்பட்டன. ஆர்மோனியம் நல்ல நிலையில் இருக்கிறது. துருத்தியில் மட்டும் சின்ன ஓட்டை. விருப்பமுள்ளவர் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அட்டவணையும் சேர்த்துத் தரப்படும். எதிர்வீட்டார் ஏணியைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்கள். வருகிறவர்கள் ஏணியோடு வரவும்.