சீரியல் பார்க்காத அண்ணன்

"நான் சீரியல்லாம் பாக்குறதில்லப்பா" என்று ஒருவர் பேச்சை எடுத்தால், அவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டு உட்காருவது நல்லது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இப்படி ஒருவர் இல்லாத கேன்டீன் கிடையாது. கம்பி உருட்டும் மில்லில் இருப்பார், மருந்து கம்பெனியில் இருப்பார், தேர்வாய்கண்டிகை பக்கம் போனால் அங்கேயும் டீக்கடை பெஞ்சில் நமக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் டெஸ்டர், கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் மூலை உடைந்த செல்போன். அப்பா அம்மா வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் பசங்க கூப்பிடுவது ரிவ்யூ அண்ணன் என்றுதான்.

நான் சொல்லப்போவது ஜி.என்.டி. ரோட்டு டீக்கடையில் எனக்கு வாய்த்த ரிவ்யூ அண்ணனைப் பற்றி. உங்கள் ஊரில் உள்ளவரோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

"சோறு துன்றப்ப காதுல வுழும். அவ்ளோதான்" என்பார். காதில் விழுந்தது மட்டும் கொஞ்சமில்லை. 1999இல் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியதிலிருந்து இன்றைய தேதி வரைக்கும் யார் யாருக்கு மாமியார், எந்தக் குழந்தை எந்த ஆஸ்பத்திரியில் மாறியது, எந்த நடிகை நடுவில் விலகி "இவருக்குப் பதில் இவர்" போட்டார்கள் என்பதெல்லாம் அவரிடம் பதிவில் இருக்கிறது. 'மெட்டி ஒலி' ஐந்து பெண்களையும் மூத்ததிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் சொல்வார். சொந்த அத்தை பெண்களின் வரிசை கேட்டால் இரண்டாவதிலேயே தடுமாறுவார். அண்ணியிடம் விசாரித்தேன். "விளம்பரம் வந்தா சவுண்டைக் கொறைக்கிறது யாரு, முடிஞ்சதும் ஏத்துறது யாருன்னு கேளுங்க" என்றார்.

சிப்காட்டில் வாராவாரம் ஷிப்ட் மாறும். ஏ ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் முழுக்க வீடு. பி ஷிப்ட் என்றால் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை மில்லுக்குள்; டிவி கண்ணிலேயே படாது. சி ஷிப்ட் வாரத்தில் எட்டரை மணித் தொடர் முடியும்போதே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். ஆக, ஒன்பதரை மணித் தொடரை அண்ணன் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம்தான் பார்க்க முடியும். அதுவே தாராளம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

"போன ஏ ஷிப்ட்ல ஐயரு மந்திரம் சொல்ல ஆரம்பிச்சாரு. பி ஷிப்ட் போச்சு, சி ஷிப்ட் போச்சு. திரும்பி வந்து பாக்கறேன், தாலி இன்னும் தட்டுலயே கெடக்குது. அந்த ஐயருக்கு ரிலீவர் யாருப்பா?"

அரை மணி நேரத் தொடரை அவர் அளப்பதும் மில் கணக்கில்தான். நேற்று நடந்ததைத் திரும்பக் காட்டுவது ரீவொர்க். விளம்பரம், டீ பிரேக். நாளைக்கு என்ன என்று காட்டுவது பிளானிங். "இன்னிக்கு ப்ரொடக்ஷன் எவ்ளோ? ஒரே ஒரு அறை. அதையும் மூணு ஆங்கிள்ல டிஸ்பாட்ச் பண்றான்."

பல நாள் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. மனிதர் தொடரை டாக்குமெண்டரியாகப் பார்க்கிறார். டாக்குமெண்டரியைத் தொடராகப் பார்க்கிறார். அவருடைய தீர்ப்புகள் எல்லாம் இந்த ஒரு கோளாறிலிருந்து வருபவை. கோளாறு யாரிடம் என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.

'கோலங்கள்' 2003இலிருந்து 2009 வரை ஓடியது. தேவயானி நடித்த அபி, கட்டடக் கம்பெனி, அதைக் கவிழ்க்கத் துடிக்கும் ஆதி. ஊரே அபிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கேட்டது வேறு. "அந்தக் கம்பெனியில சிமெண்ட் மூட்டை ஒண்ணாவது உள்ள வந்துச்சா? மேஸ்திரி எங்க? லேபர் கான்ட்ராக்டர் எங்க? எப்பப் பாத்தாலும் கோட்டு போட்டவன் ஃபைலைத் தூக்கினு நிக்கறான். ஒரு கையெழுத்துல கம்பெனி கைமாறிப் போவுது. எங்க மில்லுல ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கணும்னா சூப்பர்வைசர் கையெழுத்து, ஸ்டோர் கையெழுத்து, பழைய கிளவுஸைக் கொண்டாந்து காட்டுன்னு ஒரு ரூல் வேற."

சீரியல் ஆஸ்பத்திரிகளும் இவரிடம் தப்புவதில்லை. கார் மோதித் தூக்கி வருகிறார்கள், டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுகிறார். "இ.எஸ்.ஐ. கார்டு கேட்டாங்களா? அட்வான்ஸ் கட்டச் சொன்னாங்களா? இதெல்லாம் கேக்காத ஆஸ்பத்திரி எந்த ஊருல இருக்குன்னு சொன்னா அட்ரஸ் எழுதி வெச்சுக்குவேன்."

அவர் மதிக்கும் தொடர்களும் உண்டு. திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி'க்கு நூற்றுக்கு நூறு. காரணம், அதில் வரும் அப்பா பணம் புரட்டப் போகும் இடமெல்லாம் அண்ணனுக்குத் தெரிந்த இடம். "அது சீரியல் இல்லப்பா. எங்க மாமனாரு வூட்டுல கேமரா வெச்சிருக்கான்" என்பார். 2020 ஊரடங்கில் மறுபடி ஒளிபரப்பியபோது மில்லும் மூடிக் கிடந்ததால் முதல் தடவையாக ஒரு எபிசோடு விடாமல் பார்த்தாராம். பார்த்தார் என்று அவர் ஒப்புக்கொண்ட ஒரே தொடர் இதுதான்.

'எதிர்நீச்சல்' விஷயத்தில் மட்டும் அவர் பிரசாரகராகவே இறங்கிவிட்டார். ரோலிங்கில் வேலை பார்க்கும் ஒடிசா பையன்களுக்கு டீக்கடை பெஞ்சில் பாடம் நடக்கும். "குணசேகரன் படா பாய். சப் லேடீஸ் கோ டார்ச்சர். சொத்து ஹை, லேகின் கிஸிகோ நஹி தேதா." இந்தி என்று ஒன்று இருக்கிறது, அது இதுவல்ல. ஆனால் பையன்களில் ஒருவன் தலையை ஆட்டி, எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெரியப்பா இருக்கிறார் என்றான். அண்ணனுக்கு அன்று விருது வாங்கிய முகம்.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு வந்து, குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்துபோனார். தேனி மாவட்டத்திலிருந்து சினிமாவுக்கு வந்து, 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படம் இயக்கி, ஊர் முழுக்க அறிந்த முகமானது கடைசி ஒன்றரை வருஷத்தில், அதுவும் எல்லோரும் திட்டும் ஓர் ஆளாக நடித்து. அன்று "இந்தாம்மா ஏய்" என்று யாரோ அவர் குரலில் பேசிக் காட்ட, அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். பின்னால் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தபோதும் குறை சொல்லவில்லை. "நல்ல ஆக்டருதான். ஆனா ஆபரேட்டர் மாறினா மெஷின் சவுண்டு மாறும்பா."

இனி டாக்குமெண்டரி. இதில் அவருக்குப் பயிற்சி சின்ன வயதிலேயே ஆரம்பம். படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் போட்டே ஆகவேண்டிய காலம் அது. வெள்ளம், அணைக்கட்டு, தில்லியில் யாரோ யாருக்கோ மாலை. பெரியவர்கள் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள். சீட்டுப் பிடித்து வைக்க உட்கார வைத்த பையன் அத்தனையையும் பார்த்தான். "எல்லா வெள்ளத்துக்கும் ஒரே மியூசிக்" என்பது அன்றைய முதல் விமர்சனம்.

தமிழர்களுக்கும் டாக்குமெண்டரிக்கும் பழைய உறவு உண்டு என்று ஒருநாள் ஏ.கே. செட்டியார் கதையைச் சொன்னேன். காந்தியைப் பற்றிப் படமெடுக்க, உலகமெங்கும் கிடந்த படச்சுருள்களைத் தேடி லட்சம் மைல் அலைந்தார்; 1940இல் படம் வெளிவந்தது. அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மனுஷன் அலைஞ்சதத்தான் படமா எடுத்திருக்கணும். காந்தி கதை எல்லாருக்கும் தெரியும்" என்றார். மறுத்துப் பேச எனக்கு எதுவும் தோன்றவில்லை.

விலங்குப் படங்களில் அவருக்குக் கொள்கைப் பிரச்சினை. "போன வாரம் சிங்கக்குட்டி பட்டினி, மான் கெடைக்கணும்னு வேண்டிக்கச் சொன்னான். வேண்டிக்கினேன். இந்த வாரம் அதே குரலு மான்குட்டி பக்கம் நிக்குது. வாராவாரம் கட்சி மாறினா எப்படிப்பா?" பூநாரை என்றால் சொந்த ஊர்ப்பற்று வந்துவிடும். "ஆப்பிரிக்கா பூநாரைக்கு ஒரு மணி நேரம் குடுக்கறான். நம்ம பழவேற்காட்டுல வந்து எறங்கறது பூநாரை இல்லாம கோழியா?" காட்டில் தனியாக மாட்டிக்கொண்டு புழு தின்னும் பேர் கிரில்ஸிடம் இரக்கமே கிடையாது. கேமராவைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் மலை ஏறுகிறானே, அவனுக்கு ஓவர்டைம் உண்டா என்பது கேள்வி.

அவருக்கு நிஜமாகவே கோபம் வருவது 'ஹவ் இட்ஸ் மேட்' மாதிரி நிகழ்ச்சிகளில்தான். ஊசியிலிருந்து கப்பல் வரை எல்லாம் எப்படித் தயாராகிறது என்று காட்டுவார்கள். இரும்பு செக்கச்செவேலென்று வரும், உருளைகளுக்குள் புகும், மெல்லிய இசை, அடுத்த காட்சியில் கட்டு கட்டாக லாரி ஏறும். "எவன் சட்டையாவது நனைஞ்சிருக்கா பாரு" என்பார். அவர் மில்லில் உலையிலிருந்து பில்லட் வெளியே வரும்போது சூடு ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல். பத்தடி தள்ளி நின்றாலும் முன்பக்கம் வெந்து முதுகு சில்லென்று இருக்கும். ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் பாய்ந்து மெலிந்து போகும் கம்பி, எப்போதாவது வாய் தப்பும். தப்பினால் பின்னாலிருந்து வருவது நிற்காது. சிவந்த கம்பி கூரை உயரத்துக்குச் சுருண்டு எழுந்து, எந்தப் பக்கம் விழும் என்று அதற்கே தெரியாது. விசில் சத்தம் கேட்டதும் எல்லோரும் தூணுக்குப் பின்னால் ஓட வேண்டும். பிறகு கம்பி ஆறும்வரை நின்று, காஸ் கட்டரால் துண்டுபோட்டு எடுக்க வேண்டும். கை முழங்கைக்கு மேல் இருக்கும் தழும்பைக் காட்டி, "இத்தை வுட்டுட்டு கம்பி செய்யறது எப்படின்னு படம் எடுத்தா இன்னா அர்த்தம்? கதையே அதுதானே" என்றார். எனக்குத் தெரிந்து சிப்காட்டுக்குள் கேமரா வருவது தீப்பிடித்த அன்றைக்குத்தான்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை ராத்திரி. பொரி கடலை மென்றுகொண்டிருந்த நேரத்தில் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அண்ணன் பசங்களோடு பைக்கில் போய், இறங்கி நின்ற பயணிகளுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தார். விடியற்காலை வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் அதே இடம், அதே பெட்டிகள், பின்னணியில் பேய்ப்பட இசை. "நான் நின்னப்ப இந்த மியூசிக் இல்லப்பா. கொழந்தைங்க அழுவுற சத்தந்தான் இருந்துச்சு. ரயிலுக்கு எதுக்கு பி.ஜி.எம்?"

வீரப்பனைப் பற்றி 2023இல் இரண்டு தொடர்கள் வந்தன: ஆகஸ்டில் நெட்பிளிக்ஸில் ஒன்று, டிசம்பரில் ஜீ5இல் 'கூச முனிசாமி வீரப்பன்'. மகள் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டில் இரண்டையும் செல்போனில் முடித்தார். முதலாவதுக்கு "போட்டோகிராபி சூப்பர்" என்று ஒரே வரி. இரண்டாவதில் நக்கீரன் எடுத்த வீடியோவில் வீரப்பனே உட்கார்ந்து பேசுவதால் அதற்கு ஓட்டு. "வில்லனே வந்து கதை சொல்றப்ப வேற இன்னா வேணும்?" ஆனால் அதிரடிப்படை முகாமில் மலைக்கிராமத்து ஆண்களும் பெண்களும் பட்டதைச் சொல்லும் பகுதியைப் பற்றிக் கேட்டபோது ரிவ்யூ வரவில்லை. "அத்த நீயே பாரு" என்றார்.

'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயில்லாத யானைக்குட்டிகள் ரகுவையும் அம்முவையும் வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை; முக்கால் மணி நேரம்கூட இல்லாத படம். அண்ணன் சி ஷிப்ட் பஸ்ஸில் பார்த்தார். வில்லன் கிடையாது, அறை கிடையாது, ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார். படம் முடிந்ததும் அவர் கேட்ட கேள்வியை வேறு எந்த விமர்சகரும் கேட்டு நான் படிக்கவில்லை.

"எல்லாம் சரிப்பா. அந்தம்மா பர்மனெண்டா, கான்ட்ராக்டா?"

நாங்கள் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. அவரே பன்னிரண்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்து, பிறகு பர்மனெண்ட் ஆனவர். அந்த ஆகஸ்டில் முதல்வர் பெள்ளிக்குப் பணி நியமன ஆணை கொடுத்தார்: தெப்பக்காடு முகாமில் யானைகளைப் பராமரிக்கும் காவடி வேலை, தமிழ்நாட்டில் அந்தப் பணிக்கு வந்த முதல் பெண். பேப்பரில் செய்தியைப் பார்த்த அன்று பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் டீ, மசால் வடை அண்ணன் கணக்கில்.

"ஆஸ்கரு படம் எடுத்தவங்களுக்கு. ஆர்டரு அந்தம்மாவுக்கு. இப்பதான்பா படம் முடிஞ்சுது."